கை ஏந்திக் குடித்த தண்ணீர்

எம்.சி.ராஜா பெயரைச் சொன்னதும் நம்ம தோழர்களே முகம் சுளிக்கிறார்கள். 'அம்பேத்கருக்கு எதிரா மூஞ்சேயோட ஒப்பந்தம் போட்ட ஆளுதானே?' ஆமா, போட்டார். 1932-ல் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம், இந்துக்களோடு சேர்ந்த கூட்டுத் தொகுதியே போதும் என்றார். அந்தத் தப்பை மூடி மறைக்க நான் வரலை. அதோடு அவர் கதையை முடித்துவிட்டால் யாருக்கு லாபம் என்று கேட்கத்தான் வந்தேன்.

அவர் பள்ளிக்கூட வாத்தியார். 1920-ல் நீதிக்கட்சி சார்பில் சென்னை சட்டசபைக்குள் போனார். 1922-ல், அரசுத் தாள்களில் பறையன், பஞ்சமன் என்று எழுதுவதை நிறுத்தி ஆதிதிராவிடர் என்று எழுத வைத்த தீர்மானம் அவருடையது. பார்ப்பனரல்லாதார் ஆட்சியிலும் நமக்குப் பங்கில்லை என்று கண்டு 1923-ல் கட்சியை விட்டு வெளியே வந்தார். பொதுக் கிணறு, குளம், பாதையில் நம்மைத் தடுப்பது குற்றம் என்ற 1938-ஆம் வருசச் சட்டமும் அவர் கொண்டுவந்த மசோதாதான்.

அந்தச் சட்டம் வந்து நாற்பது வருசம் கழித்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்க பாட்டி பெரியதாழைக் கரையில் கருவாடு வாங்கி, கடவப்பெட்டியில் சுமந்து, தேரி மணல் தாண்டி உள்ளூர்களுக்கு விற்கப் போவாள். நானும் கூடப் போவேன். ஒரு ஊரில் கிணற்று வாளியை நாங்கள் தொடக்கூடாது. யாராவது ஊற்றினால் கை ஏந்திக் குடிக்கணும். நான் முறைத்தால் பாட்டி சொல்லுவாள்: 'ஏலே, ஊத்துறவனுக்குக் கோவம் வராமக் கேக்கணும்லே.'

1938-ல் ராஜா கோயில் நுழைவு மசோதாவும் கொண்டுவந்தார். சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி அதை எதிர்த்தார். மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் போதும் என்றார். ராஜா காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்பு என்று பதில் வந்தது. பூனா ஒப்பந்தம் சென்னைக்குக் கொடுத்தது 30 இடம். அதில் பெரும்பாலான இடங்களில் ஜெயித்தது காங்கிரசில் நின்ற நம்மாட்கள். அவர்கள் கட்சிப் பக்கமே நின்றார்கள். மசோதா செத்தது. மாகாணம் முழுவதிலும் கோயில் நுழைவை உரிமையாக்கிய சட்டம் வர 1947 ஆனது. ராஜா 1943-லேயே செத்துப்போனார்.

எந்தக் கூட்டுத் தொகுதியை நம்பிக் கையெழுத்துப் போட்டாரோ, அதுவே அவரைத் தோற்கடித்தது. அம்பேத்கர் சொன்னது சரி என்பதற்கு ராஜாவின் வாழ்க்கையை விடப் பெரிய சாட்சி வேண்டுமா? அதனால்தான் அவரை நாம் படிக்கணும். துரோகி என்று தள்ளிவிட்டால் இந்தப் பாடமும் சேர்ந்து போய்விடும்.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் 44 தனித்தொகுதிகள். எங்க மாவட்டத்து ஒட்டப்பிடாரமும் ஒன்று. நிற்பவன் நம்மாள், சீட்டுக் கொடுப்பது கட்சி, ஜெயிக்க வைப்பது ஊர். சேரியில் வீடு எரிந்தால் அவன் முதலில் கட்சித் தலைமையின் முகத்தைப் பார்க்கிறான், பிறகு ஊரின் முகத்தைப் பார்க்கிறான். அப்புறம்தான் வாயைத் திறக்கிறான்.

ஊத்துறவனுக்குக் கோவம் வராமக் கேக்கணும்லே.

பாட்டிக்கு வேறு வழி இல்லை, தாகம். சட்டசபையில் உட்கார்ந்திருக்கிற உனக்கு என்ன கேடு?