கோட்டின் அகலத்தை ரோபோ சொல்லட்டும்

வெள்ளைப் பலகையில் ஒட்டிய கறுப்பு டேப்பின் மேல் நெளிந்து நெளிந்து ஓடும் சின்னஞ்சிறு வண்டி, பள்ளி ரோபோட்டிக்ஸ் போட்டிகளில் தவறாமல் இடம்பெறும் காட்சி. கோட்டைவிட்டு விலகாமல் யாருடைய வண்டி முதலில் போய்ச் சேர்கிறதோ, அவருக்குப் பரிசு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், பரிசு வாங்கிய மாணவரிடம் 'உன் வண்டி ஓடிவந்த கோட்டின் அகலம் எவ்வளவு?' என்று கேட்டால், அவர் ஸ்கேலைத்தான் தேடுவார். அந்தக் கேள்விக்கு வண்டியே பதில் சொல்லியிருக்க முடியும். அதற்குத் தேவையான சென்சாரும் கடிகாரமும் அதிலேயே இருக்கின்றன. கோட்டைத் தொடர வைப்பதோடு நின்றுவிடும் ரோபோட்டிக்ஸ் வகுப்பு, பாதி வழியில் நிற்கிறது. கோட்டைக் குறுக்கே கடந்து, அதன் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்லி, அந்த எண்ணில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வைப்பதே அடுத்த பாடமாக வேண்டும்.

வண்டியின் அடியில் இருக்கும் சென்சார் எளிய பொருள். அகச்சிவப்பு ஒளியை உமிழும் ஒரு எல்.இ.டி., தரையில் பட்டுத் திரும்பும் ஒளியை உணரும் ஒரு ஃபோட்டோ டிரான்சிஸ்டர். பள்ளிகளில் பரவலாகப் புழங்கும் டி.சி.ஆர்.டி. 5000 என்ற வகை, தரையிலிருந்து 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் சிறப்பாக வேலை செய்யும். வெள்ளைத் தரை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, கறுப்பு டேப் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. வண்டியை இயக்கும் அர்டுயினோ மின்சுற்றுப் பலகை இந்த வேறுபாட்டை 0 முதல் 1023 வரையிலான எண்ணாக, நொடிக்கு ஏறத்தாழ 10,000 முறை வாசிக்கக்கூடியது. தொடர்வதற்கு இத்தனை விவரம் தேவையில்லை. வெள்ளையா, கறுப்பா என்று தெரிந்தால் போதும், தவறினாலும் அடுத்த கணத்தில் திருத்திக்கொள்ளலாம். அளக்கும்போது அந்தச் சலுகை கிடையாது. அளந்து சொன்ன எண்ணைத் திருத்த அடுத்த கணம் என்று ஒன்று வராது.

அளக்கத் தொடங்கியதுமே முதல் சிக்கல் வருகிறது. சக்கரம் சுற்றுவதை எண்ணித் தூரத்தைக் கணக்கிடலாம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். பள்ளிப் பெட்டிகளில் வரும் சக்கரத்தின் விட்டம் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர், அதாவது சுற்றளவு சுமார் 204 மில்லிமீட்டர். அதோடு வரும் தட்டில் 20 துளைகள். ஒரு துளை நகர்ந்தால் வண்டி 10 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. சாதாரண இன்சுலேஷன் டேப்பின் அகலமோ ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். அந்தத் தட்டை நம்பினால் விடை ஒரு துளை அல்லது இரண்டு துளை என்றுதான் வரும். ஒரு கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவைக் குறிக்கும் 'மீச்சிற்றளவு' என்ற சொல்லை வெர்னியர் அளவியோடு மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் மாணவருக்கு, அதன் உண்மையான பொருள் இந்த இடத்தில்தான் உறைக்கும். அப்போது அவர் கடிகாரத்தின் பக்கம் திரும்புவார். ஒரு மீட்டர் தூரத்தை 5 நொடியில் கடக்கும் வண்டி, 19 மில்லிமீட்டர் டேப்பை 95 மில்லி நொடியில் கடக்கும். அதற்குள் சென்சாரை 900 முறைக்கு மேல் வாசித்துவிடலாம். ஆனால், பேட்டரி இறங்கி வேகம் 5 சதவீதம் குறைந்திருந்தால் அதே டேப் 20 மில்லிமீட்டராகத் தெரியும். வேகத்தைச் சோதிக்காமல் அகலத்தைச் சொல்ல முடியாது என்பதை ஆசிரியர் சொல்லித்தர வேண்டியதில்லை, டேப்பே சொல்லித்தரும்.

இதைவிட நுட்பமானது, கோடு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி. சென்சார் பார்ப்பது ஒரு புள்ளியை அன்று, சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்தை. ஆகவே, வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறும்போது எண் சட்டென்று தாவாமல் சரிவாக மாறும். அந்தச் சரிவில் எந்த எண்ணைக் கோட்டின் ஓரம் என்று எடுத்துக்கொள்வது? வெள்ளை மதிப்புக்கும் கறுப்பு மதிப்புக்கும் சரிபாதியை வைத்தால், வட்டத்தின் பாதி டேப்பின் மேல் வரும்போது நுழைந்ததாகவும், பாதி வெளியேறும்போது கடந்ததாகவும் கணக்காகும். அகலம் ஏறத்தாழ சரியாக வரும். எல்லையை வெள்ளையின் பக்கம் நகர்த்தினால் கோடு தடிக்கும், கறுப்பின் பக்கம் நகர்த்தினால் மெலியும். டேப் மாறவில்லை, நம் தீர்மானம்தான் மாறியது. அளவீடு என்பதற்குள் மனிதத் தீர்மானம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்பதை இவ்வளவு மலிவாகக் காட்டும் வேறு சோதனை பள்ளி ஆய்வகத்தில் அரிது. வண்டி சாய்வாகக் கடந்தாலும் விடை பிசகும். நேர்க்குறுக்கிலிருந்து 30 பாகை விலகினால் 19 மில்லிமீட்டர் டேப் ஏறத்தாழ 22 ஆகிவிடும். இதற்கும் வழி இருக்கிறது. இரண்டு சென்சார்களைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினால், ஒன்று முந்தி மற்றது பிந்தி கோட்டைத் தொடும். அந்த இடைவெளியிலிருந்து சாய்வைக் கணக்கிட்டுத் திருத்திவிடலாம். பத்தாம் வகுப்புக்குள் படித்து முடிக்கும் முக்கோணவியல் இதற்குப் போதும்.

இது வெறும் பள்ளி விளையாட்டு என்று நினைப்பவர்கள் மளிகைக் கடையின் பார்கோடை நினைத்துப் பார்க்கலாம். 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் நகர அங்காடி ஒன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தில் முதன்முதலாக அந்தக் கோடுகள் விற்பனைக்காக வாசிக்கப்பட்டன. அந்த வாசிப்பும் அடிப்படையில் கோட்டின் அகலத்தை ஒளியால் அளப்பதுதான். பொருளை எந்த வேகத்தில் நகர்த்துகிறார்கள் என்பது கருவிக்குத் தெரியாது. அதனால் அது ஒரு கோட்டின் அகலத்தை மற்றொன்றோடு ஒப்பிட்டு விகிதமாகப் படிக்கிறது, அகலம் முன்பே தெரிந்த காவல் கோடுகள் அதற்குத் துணை நிற்கின்றன. மாணவரும் இதையே செய்யலாம். அகலம் தெரிந்த ஒரு டேப்பை, தெரியாத டேப்புக்கு அருகிலேயே ஒட்டிவிட்டால், வேகத்தால் வரும் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு இவ்வளவு கணக்கா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் ஒரே கோட்டைப் பத்து முறை கடந்து, பத்து விடைகளும் ஏன் ஒன்றாக இல்லை என்று கேட்டால் போதும். சாய்வுக் கணக்கு ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு. ஓட்டப் பந்தயத்தின் உற்சாகம் போய்விடும் என்பது இன்னொரு வாதம். பந்தயத்தை யாரும் நிறுத்த வேண்டாம். அளவீட்டிலும் பந்தயம் உண்டு, உண்மை அகலத்துக்கு மிக நெருங்கியவர் வெல்கிறார். கேமராவும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பழைய சென்சார் எதற்கு என்பதுதான் சற்றுக் கனமான ஆட்சேபம். கேமரா தருவது பிக்சல்களின் எண்ணிக்கை, அது மில்லிமீட்டர் ஆக வேண்டுமானால் அங்கேயும் அளவு தெரிந்த ஒன்றை வைத்துச் சரிபார்க்கத்தான் வேண்டும். ஒற்றைச் சென்சாரில் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று மாணவரால் தேடிப் பிடிக்க முடியும். ஆயத்தமாக வரும் மென்பொருளில் அது முடியாது.

இதன் பயனும் பள்ளிச் சுவரோடு நிற்பதில்லை. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, மேற்பரப்பு விரிசலின் அகலம் பொதுவாக 0.3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது, தொடர்ந்து ஈரம் படும் இடங்களில் 0.2. ஒரு பாலத்தின் விரிசலைக் கருவி ஒன்று 0.28 என்று காட்டினால், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம், எல்லையை எங்கே வைத்து அளந்தார்கள் என்று கேட்கத் தெரிந்த பொறியாளர் நமக்கு வேண்டும். அந்தக் கேள்விப் பழக்கம் கல்லூரி இறுதியாண்டில் திடீரென்று முளைக்காது.

2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கப்படுகிறது. அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் ஐந்தாண்டுகளில் அமைக்கப்படும் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. இந்தப் பாடத்துக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம், அந்த ஆய்வகங்களில் இருக்கும் பெட்டியே போதும். போட்டிகளை நடத்துவோர் அடுத்த முறை, பாதையின் முடிவில் வெவ்வேறு அகலத்தில் மூன்று டேப்புகளைக் குறுக்கே ஒட்டிவையுங்கள். அகலத்தையும் பிழையையும் எழுதித் தரும் குழுவுக்கு, முதலில் ஓடி முடித்த குழுவுக்குத் தருவதே அளவு மதிப்பெண் கொடுங்கள்.