இடித் தேவன் பெயர்

ஆம்பூரிலிருந்து, முன்பு நம்மிடம் வாசித்த இளைஞர் ஒருவர் சென்ற ஞாயிறன்று வந்திருந்தார். ஸ்லாவிய மக்களின் பழங்கதை ஒன்றைப் படித்தாராம். அவர்களுடைய இடித் தேவன் பெயர் 'பெருன்'. "ஐயா, இது நம்முடைய 'பெரு' என்னும் சொல்தானே? பெருமான், பெருமாள் எல்லாம் அதன் வழி வந்தவைதாமே!" என்றார். அவர் களிப்பைக் கெடுக்க நமக்கு மனமில்லை. ஆயினும் வாத்தியார் தொழில் பொல்லாதது.

பெருன் சாமானியத் தெய்வமல்ல. கீவ் நகரத்து அரசன் விளாதிமிர் 980-இல் அவனுக்கு மரத்தால் உருவம் சமைத்து, வெள்ளித் தலையும் பொன் மீசையும் வைத்தான். 988-இல் கிறிஸ்து மதம் புகுந்ததும் அதே உருவத்தை நீப்பர் நதியில் தள்ளுவித்தான். பெயர் மட்டும் மூழ்கவில்லை. போலந்து பாஷையில் மின்னலிடிக்கு இன்றும் 'பியோருன்' என்றே பெயர்.

இதன் வேர் 'பெர்', பொருள், அடித்தல். ஈற்றிலுள்ள 'உன்' செய்பவனைக் காட்டும் விகுதி. ஆகவே பெருன் 'அடிப்பவன்'. அவ்வேரிலேயே பிறந்த 'பிராச்' என்னும் போலந்து வினைக்குத் துணி வெளுத்தல் என்று பொருள்! பாலாற்றங்கரையில் துணியைக் கல்லில் ஓங்கி அடிக்கும் ஓசையைக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பிராது.

லிதுவேனியர் தம் இடித் தேவனைப் பெர்கூனாஸ் என்பர். அப்பெயரை இடி விழும் ஓக் மரத்தின் பழம் பெயரோடு சேர்ப்பவர் பலர். ரிக் வேதத்து மழைத் தேவனான பர்ஜன்யனையும் உறவு சொல்வதுண்டு. ஆனால் அங்கே 'க' நிற்குமிடத்தில் வடமொழியில் 'ஜ' வர ஒலி விதி இடம் தராது என்று தடுப்பாரும் உளர். ஒரே குடும்பத்துப் பாஷைகளுக்குள்ளேயே இவ்வளவு கண்டிப்பென்றால், குடும்பம் வேறான தமிழைச் சப்தம் ஒன்றையே கொண்டு உள்ளே நுழைத்தல் தகுமா? 'பெரு' என்பதில் அடியும் இல்லை, இடியும் இல்லை. தொல்காப்பியம் மருத நிலத்துக்கு உரைக்கும் தெய்வத்தை உரையாசிரியர்கள் இந்திரன் என்பர்; ஆனால் நூலில் உள்ள பெயர் 'வேந்தன்' என்பதே.

இளைஞர் முகம் வாடிற்று. "அப்படியானால் நமக்கு ஒன்றுமே இல்லையா?"

"குரோமிய உப்பு பரவுமுன், உங்கள் ஊரில் தோல் பதனிட ஆவாரம்பட்டையை என்ன செய்தார்கள்?"

"இடித்தார்கள்."

"வானம் என்ன செய்கிறது?"

"இடிக்கிறது" என்றவர் சிரித்துவிட்டார்.

ஸ்லாவியர் அடிப்பவனைத் தேவனாக்கினர். நாமோ உலக்கைக்கும் வானத்துக்கும் ஒரு வினையே போதுமென்று இருந்துவிட்டோம். இது ரத்த உறவன்று. இரு ஜனங்கள் தனித்தனியே ஒன்றையே கேட்டதன் அடையாளம்.

ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையைக் கொண்டே தோல் பதனிட்டனர் என்றும் சொன்னோம். நாம் சொன்ன அத்தனையிலும் அதை ஒன்றைத்தான் அவர் குறித்துக்கொண்டு போனார்.