அதிவேகம் என்று எழுதிய கை

"வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் மதிலுடன் மோதியதில் இளைஞர் பலி."

முப்பது ஆண்டுகாலப் பத்திரிகை வாழ்வில் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை எழுதினேன், எத்தனை தடவை பிறர் எழுதியதைத் திருத்தாமல் அச்சுக்கு அனுப்பினேன் என்பதற்குக் கணக்கில்லை. ஊரின் பெயரையும் வயதையும் மாற்றினால் போதும், செய்தி தயார். பொலிஸார் சொல்வார்கள், நாம் எழுதுவோம், மறுநாள் தேநீர்க்கடையில் பெரியவர்கள் அதை வாசித்துவிட்டு "இந்தக் காலத்துப் பொடியளுக்குக் கொழுப்பு, வெளிநாட்டுக் காசு" என்று தீர்ப்பெழுதுவார்கள். மூன்று தரப்புக்கும் அத்தோடு வேலை முடிந்துவிடும்.

சில காலத்துக்கு முன் அப்படியொரு செய்தி வெளியான மூன்றாம் நாள், இறந்த பிள்ளையின் தாயார் அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை. வெட்டியெடுத்த பத்திரிகைத் துண்டை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, என்ர பிள்ளை வேகமாப் போனதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? சந்தியில தேத்தண்ணிக் கடை வச்சிருக்கிறவர், பிள்ளை மெதுவாத்தான் வந்தவன், திடீரெண்டுதான் எஞ்சின் கத்தினது எண்டு சொல்லுறார்." பொலிஸ் தகவல் அம்மா என்றேன். துண்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பையன் மோட்டார் சைக்கிளை வாங்கியது வெள்ளிக்கிழமை, இறந்தது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் அவன் ஓடியது தகப்பனின் ஹொண்டா எம்டி 90. இவையெல்லாம் செய்தியிலேயே இருந்தன, கடைசிப் பந்தியில். நாம்தான் அவற்றை வாசிக்கவில்லை.

எனக்கு அதன் பொருள் விளங்கியது வேறொரு நாள், பண்ணைப் பாலத்தில்.

என் தமக்கையின் மகன் ஒரு பழைய ஹொண்டா சிபிஆர் 400 ஆர்ஆர் வைத்திருக்கிறான். ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்த வண்டிகளுள் ஒன்று. ஒரு ஞாயிறு அதிகாலை, "ஒருக்கா ஓடிப் பாருங்கோ மாமா" என்றான். நான் தயங்கவில்லை. எம்டி 90 இல் வளர்ந்த தலைமுறை எங்களுடையது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் பெற்றோலுக்குத் தடை இருந்த நாட்களில், சிறு போத்தலில் பொக்கிஷம்போல் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கியபடி தட்டிவான்களுக்குப் பின்னால் போய்ச் செய்தி சேகரித்தவன் நான். எனக்கு இது எம்மாத்திரம் என்ற எண்ணம் இருந்தது. என் அனுமதிப்பத்திரமும் அதையே சொன்னது.

ஏறி உட்கார்ந்ததுமே அந்த எண்ணம் சற்று ஆடியது. கைபிடிகள் தாழ்ந்தும் முன்தள்ளியும் இருக்க, கால்கள் பின்னே மடிந்தன. உடலின் பாரம் மணிக்கட்டுகளில் இறங்கிற்று. பக்கக் கண்ணாடிகளில் வீதியைக் காணவில்லை. என் முழங்கைகள்தான் தெரிந்தன. ஒழுங்கையிலிருந்து வெளியே திருப்ப முனைந்தபோது கைபிடி சிறிதளவே திரும்பி நின்றுவிட்டது. ஒரு சாண் இடத்தில் எம்டி 90 ஐத் திருப்பிப் பழகிய எனக்கு முழு வீதியும் போதவில்லை. அனுமதிப்பத்திரத்துக்காக எட்டுப் போட்டதெல்லாம் இந்த வண்டியில் செல்லாது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

"மாமா, கியர் முதலாவது கீழ, மற்றதெல்லாம் மேல தூக்கோணும். மறந்திடாதேங்கோ" என்றான் மருமகன். மறப்பேனா என்றேன்.

கோட்டையைத் தாண்டி, பாலத்தில் ஏறியதும் இருபுறமும் கடலேரி, குறுக்கே காற்று. ஆரம்பத்தில் வண்டி சாதுவாகவே இருந்தது. மானியின் முள் ஏழாயிரம், எட்டாயிரம் என்று நகரும் வரை நல்ல பிள்ளை. பத்தாயிரத்தைக் கடந்தபோதுதான் அடியில் வேறொரு இயந்திரம் விழித்துக்கொண்டதுபோல் இருந்தது. ஒலி மாறிற்று. கைகள் நீண்டன. நான் இன்னும் இரண்டாவது கியரில்தான் இருந்தேன், வேகமானி நூறை நெருங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தச் சில விநாடிகள் இனிமையாகத்தான் இருந்தன. ஐம்பது வயதைத் தாண்டியவன் இதை எழுதுவது தகுமோ என்னவோ, இளைஞர்கள் ஏன் இதற்கு ஏங்குகிறார்கள் என்று இனி நான் கேட்க மாட்டேன்.

ஆனால் நான் பிழை விட்டது அந்த வேகத்தில் அல்ல. பயந்து தணித்துக்கொண்டு, மூன்றாவது கியரில் அறுபதளவில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் ஒருவர் வந்தார். இனி நாலாவது போடுவோம் என்று நினைத்தேன். முப்பது ஆண்டுகளாக என் இடது கால் அறிந்திருந்த ஒரே வழியில், முன்மிதியை அழுத்தினேன்.

எம்டி 90 இல் முன்மிதியை அழுத்தினால் கியர் கூடும். இதில் குறையும். எஞ்சின் அலறியது. பின்சில்லு துள்ளி ஒரு பக்கம் இழுத்தது. திகைத்துப் போன வலது கால், அதுவும் பழைய பழக்கத்தில், பின்பிரேக்கை முழுப் பலத்துடன் மிதித்தது. பாரமெல்லாம் முன்னே சரிந்துவிட்டதால் பின்சில்லு இறுகி ரயர் வழுக்கிற்று. முன்சில்லில் இரண்டு பெரிய தட்டுகளுடன் அருமையான பிரேக் இருந்தது. என் வலது கைக்கு அதன் நினைவே வரவில்லை. வண்டி குறுக்காகப் போய், கல்லணைக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்றது. மீன்காரர் இறங்கி வந்து, "ஐயா, உந்த வயசில உது தேவையோ?" என்றார். நியாயமான கேள்விதான். நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தேநீர்க்கடைக்காரர் சொன்னது காதில் விழுந்துகொண்டிருந்தது: திடீரென்றுதான் எஞ்சின் கத்தினது.

அந்தப் பையனுக்கும் இதுதான் நடந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அன்று நான் அணையில் மோதியிருந்தால் மறுநாள் என் பத்திரிகை என்ன எழுதியிருக்கும் என்பதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன்.

அதன் பின்னர் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹரி ஹேர்ட் என்ற ஆய்வாளரின் குழு, லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, 1981 இல் அறிக்கை வெளியிட்டது. விபத்துக்குச் சற்று முன்னர் வண்டிகள் சென்ற வேகத்தின் நடுமதிப்பு மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீற்றர். ஓட்டியவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, உறவினர் நண்பரிடமோ பழகியவர்கள். சராசரியாக மூன்றாண்டு அளவில் ஓட்டிய அனுபவம் இருந்தும், அரைவாசிக்கு மேற்பட்டோர் விபத்துக்குள்ளான அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு ஐந்து மாதத்துக்கும் குறைவாகவே பழக்கப்பட்டவர்கள். பின்பிரேக்கை அளவுக்கு மீறி மிதிப்பதும் முன்பிரேக்கைப் போதாமல் பிடிப்பதும் அந்த அறிக்கையிலேயே இருக்கின்றன. பண்ணைப் பாலத்தில் நான் செய்தவற்றை நாற்பது ஆண்டுகளுக்கும் முன்னரே யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.

அப்படியென்றால் வேகம் பாதகமில்லையா என்று சிலர் கேட்பார்கள். வேகம் இரட்டித்தால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் நானும் படித்தேன். நான் மறுப்பது அதை அல்ல. "அதிவேகம்" என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு, வேறெதையும் விசாரியாமல் கோப்பை மூடுகிற சோம்பலையே மறுக்கிறேன். அந்தச் சொல் இறந்தவனைக் குற்றவாளியாக்கி, மற்ற அனைவரையும் விடுவித்து விடுகிறது.

மற்றவர்கள் யார்? சட்டத்திலிருந்து தொடங்குவோம். மருமகனின் வண்டி ஏன் 400 சிசியாக இருக்கிறது? ஜப்பானில் 1975 இல் அனுமதிப்பத்திரங்களைப் பிரித்து, 400 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மிகக் கடினமான தனிப் பரீட்சை வைத்தார்கள். சாரதிப் பயிற்சிப் பள்ளிகள் மூலம் அதைப் பெறும் வழி 1996 இல்தான் திறந்தது. அந்த வேலிக்கு உட்பட்ட இளைஞர்களுக்காகவே உற்பத்தியாளர்கள் 400 சிசிப் பந்தய வடிவ வண்டிகளைச் செய்தார்கள். அவற்றின் வலுவையும் 59 குதிரைவலுவுக்குள் வைத்துக்கொள்வதென்று தமக்குள் இணங்கிக்கொண்டார்கள். அதாவது இந்த வண்டியே ஒரு சட்டத்தின் பிள்ளை. பிள்ளை இங்கே வந்துவிட்டது, சட்டம் அங்கேயே நின்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி முதற்படி 125 சிசியும் 11 கிலோவாற்றும், இரண்டாம் படி 35 கிலோவாற், அதன் பின்னரே வரம்பற்ற வலு. நம் நாட்டிலோ நூறு சிசி வரை ஒரு வகை, அதற்கு மேற்பட்டதெல்லாம் மற்றொரு வகை. 110 சிசி வண்டியில் எட்டுப் போட்டவரும் மறுநாள் 1000 சிசியில் ஏறலாம். அட்டையில் ஒரே எழுத்து.

விற்பவர்கள் என்ன செய்கிறார்கள்? பணத்தை எண்ணுகிறார்கள், திறப்பைக் கொடுக்கிறார்கள். கியரின் திசையைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். வெற்று மைதானத்தில் முன்பிரேக்கைப் பிடித்துப் பழக ஒரு மணிநேரம் போதும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் அண்ணன்மாரும் அக்காமாரும் தலைக்கவசத்துக்கும் சேர்த்தே அனுப்புகிறார்கள், அதை மறுக்கவில்லை. அந்த ஒரு மணிநேரத்துக்கு மட்டும் எவரும் எதுவும் அனுப்புவதில்லை.

நான்காவது தரப்பு நான். அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போனேன். சொல்வதற்கு என்னிடமிருந்தது ஒரு ஊகம் மட்டுமே. சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப அவன் குழப்படியால சாகேல்லை" என்றார். திருத்தம் போடலாமென்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டேன். பொலிஸ் அறிக்கை மாறாமல் நாம் மாற்ற முடியாது என்றார்கள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

மருமகன் இப்போது வண்டியை விற்கப் போகிறான். கடந்த வாரம் பத்தொன்பது வயதுப் பையனொருவன் பார்க்க வந்தான், எம்டி 90 இல். நான் வாசலுக்குப் போய்த் திறப்பை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எஞ்சினை இயக்காமலே அவனை ஏற்றி இருத்தி, இடது காலால் ஐம்பது தடவை மேலே தூக்கச் சொன்னேன். இருபதாவது தடவையில் அவனுக்குச் சினம் வந்துவிட்டது. மாலையில் அவன் தகப்பன் தொலைபேசியில் மருமகனை அழைத்து, உங்கட மாமாவுக்கு ஏதும் சுகமில்லையோ என்று கேட்டாராம். அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். திறப்பு இன்னும் என்னிடந்தான் இருக்கிறது.