நடையில் வரும் சொல்

இலக்கிய நண்பர்களிடம் உடற்பயிற்சி பற்றிப் பேசினால் ஒரு மெல்லிய புன்னகையே பதிலாக வரும். உடலைப் பேணுவது லௌகீகர்களின் வேலை, நம் வேலை வாசிப்பதும் எழுதுவதும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரோடியிருக்கிறது. புதுமைப்பித்தன் 1948-இல், 42 வயதில், காசநோயால் மறைந்ததைக்கூட நாம் ஒரு தொன்மமாக்கிக்கொண்டோம். அது இழப்பு, முன்மாதிரி அல்ல.

சொல் பிறப்பது மூளையில் என்றால், மூளை இருப்பது உடலில்தானே? ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 27 பேருக்குப் புதிய சொற்களைக் கற்பித்துப் பார்த்து, முடிவை 2007-இல் வெளியிட்டனர். ஓய்வுக்குப் பின் கற்றதைவிட, மூச்சிரைக்கும் குறுகிய விரைவோட்டத்துக்குப் பின் 20 சதவீதம் வேகமாக அவர்கள் கற்றார்கள்.

2014-இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அன்றாடப் பொருளொன்றுக்குப் புதிய பயன்களைக் கற்பனை செய்யும் சோதனையில், உட்கார்ந்திருந்தபோதைவிட நடக்கும்போது பெரும்பாலோருக்கு அதிக யோசனைகள் தோன்றின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி ட்ரெட்மில்லில் நடந்தபோதும் அப்படியே. ஆக, பலன் இயற்கைக் காட்சியில் மட்டும் இல்லை, நடையிலேயே இருக்கிறது. ஆனால் ஒரே சரியான விடையைக் கண்டடைய வேண்டிய சோதனையில் நடந்தவர்கள் சற்றே பின்தங்கினர்.

எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நடை சொற்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அவற்றில் எது நிற்கும், எது உதிரும் என்று தீர்மானிக்க நாற்காலிக்குத்தான் திரும்பவேண்டும். நம் எழுத்தில் பெரும்பகுதி இரண்டாவதை மட்டுமே செய்கிறது: குவியல் இல்லாமலேயே பொறுக்குகிறோம்.

மிகைப்படுத்தவும் வேண்டாம். ஆரோக்கியமானவர்களிடம் நடத்தப்பட்ட 109 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2023-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, உடற்பயிற்சியால் சிந்தனைத் திறன் கூடும் என்பதற்கான சான்று இன்னும் வலுவாக இல்லை என்றே சொல்கிறது. நடந்தால் எவரும் கவிஞராகிவிடுவதில்லை.

இருந்தும், எங்கள் மாதாந்திர வாசிப்புக் கூட்டத்தின் முதல் அரைமணி நேரத்தை ஏரிக்கரை நடையாக மாற்றினோம். நடக்கையில் உதித்த கருத்துக்களில் பாதி, உட்கார்ந்து பேசியபோது நிற்கவில்லை. மீதிப் பாதி நாற்காலியில் எங்களுக்குக் கிடைத்திராது.