பால் கறந்தவள் பேர் என்ன?

போன மாதம் என் அக்கா மகன் தலகாணி தண்டிக்கு ஒரு புத்தகத்தோடு வந்தான். அட்டையில் இரும்புச் சட்டை மாட்டிய ஒருவன், குதிரை மேல், கையில் ஈட்டி. “படிச்சுப் பாருங்க மாமா. அடுப்படியில எடுபிடியா இருக்கறவன் கடைசியில ராஜா மகன்னு தெரிய வரும். பிரமாதமா இருக்கும்” என்றான். “ஏன்டா, அவன் கடைசி வரைக்கும் சமையக்காரன் மகனாவே இருந்திருந்தா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “அப்பக் கதையே இல்லையே மாமா.”

இந்த இதழின் தலையங்கம் அந்தப் பதிலைப் பற்றியதுதான்.

நைட் எனப்படும் குதிரை வீரனின் கதை ஐரோப்பாவில் எண்ணூறு வருஷத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சில் அவனுக்குச் செவாலியே என்று பேர். 1995இல் சிவாஜி கணேசனுக்குப் பிரெஞ்சு அரசு கொடுத்ததே, அதே பட்டம். மூலத்தில் அதற்குக் குதிரைக்காரன் என்பதுதான் அர்த்தம். குதிரை, இரும்புச் சட்டை, வாள், கூடவே சுமந்துவர ஆள் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். காசு நிலத்திலிருந்து வந்தது. நிலத்தில் முதுகொடிந்தவன் யார்? நம்ம சினிமாவில் வில்லன் வில்லன் என்கிறோமே, அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டிப் பாருங்கள். பண்ணையோடு கட்டுண்டு கிடந்த குடியானவனுக்கு அங்கே அதுதான் பேர். உழுதவன் பேர் கெட்டவனுக்கு ஆனது. குதிரைக்காரன் பேர் பெருந்தன்மைக்கு ஆனது. அகராதியை எழுதியவன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான் என்று இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா?

இங்கிலாந்தில் அந்தக் குடியானவன் வாரத்தில் சில நாள் பண்ணையாரின் நிலத்தில் சும்மா உழைக்க வேண்டும். மகளைக் கட்டிக் கொடுக்கப் பண்ணையாருக்குப் பணம் கட்ட வேண்டும். அப்பன் செத்தால் தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். 1363இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். யார் யார் என்ன துணி உடுத்தலாம் என்பதற்கு. ஏரோட்டுகிறவனுக்கும் மாடு மேய்க்கிறவனுக்கும் முரட்டுக் கம்பளிதான். அமல்படுத்த முடியாமல் இரண்டு வருஷத்துக்குள் வாபஸ் வாங்கினார்கள். ஆனாலும் உடுப்பு மேல் அவர்களுக்கு இருந்த பயம் நமக்குப் புதுசா என்ன?

இனி கதைக்கு வருவோம். தாமஸ் மாலரி எழுதி, 1485இல் காக்ஸ்டன் அச்சுப்போட்ட ஆர்தர் ராஜா கதை. ஆர்தரின் கல்யாணத்தன்று ஒரு மாட்டுக்காரன் தன் மகன் டோரை அரண்மனைக்குக் கூட்டி வருகிறான். இவனை நைட் ஆக்கணும் என்று கேட்கிறான். மற்ற பிள்ளைகள் எல்லாம் சொன்ன வேலையைச் செய்யுதுங்க, இவன் மட்டும் வேலைக்கு வணங்க மாட்டேங்கிறான், சண்டை சண்டை என்றே அலைகிறான் என்கிறான். ராஜா பட்டம் கொடுத்துவிடுகிறார். அப்புறம் மந்திரவாதி மெர்லின் வந்து ரகசியத்தை உடைக்கிறான்: இவன் மாட்டுக்காரன் மகனே இல்லை, பெல்லினோர் ராஜாவின் ரத்தம்!

எப்படி? தாயை அழைத்துக் கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால், பால் கறந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு நைட் வந்து பாதி பலவந்தமாகத் தன்னைக் கெடுத்தான் என்கிறாள். என் அம்மாவை அவமானப்படுத்தாதே என்று டோர் மெர்லினிடம் சொல்கிறான். இது உனக்குக் கௌரவம்தானே என்கிறான் மெர்லின். அத்தோடு விஷயம் முடிந்தது. பெல்லினோரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வட்ட மேசையில் போய் உட்காருகிறார். வளர்த்தவன் மாட்டோடு வீட்டுக்குப் போகிறான்.

தோழர்களே, அந்தப் பால் கறந்தவளுக்குக் கதையில் பேர்கூடக் கிடையாது. வேட்டை நாய்க்கும் வாளுக்கும் ஓரிடம் ஒதுக்கிய கதை அது.

இந்தக் கதையை எழுதிய மாலரி யார் தெரியுமா? பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டவரை அவரும் ஒரு நைட். வழிப்பறி, மாடு திருட்டு, வல்லுறவு என்று வழக்குகள் அவர் மேல் வரிசையாக இருந்தன. புத்தகத்தைச் சிறையில் இருந்துதான் முடித்தார். அவருக்கு முன்னாலேயே, 12ஆம் நூற்றாண்டில், ஆந்திரேயாஸ் என்ற பாதிரி காதலுக்கு இலக்கணம் எழுதினார். உயர்குலப் பெண்ணிடம் எப்படிக் கெஞ்ச வேண்டும் என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறார். குடியானவப் பெண்ணுக்கு வரும்போது சின்ன அத்தியாயம்: நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டுக் கொஞ்சம் பலத்தைக் காட்டு. கேலியாக எழுதியது என்று சில அறிஞர்கள் சமாதானம் சொல்கிறார்கள். கேலியாகவே இருக்கட்டும். சிரிப்பதற்குக் கிடைத்தது யார் வீட்டுப் பெண்?

ஆனால் அந்தக் குடியானவர்கள் சும்மா கிடக்கவில்லை. 1302இல் கோர்ட்ரைக் ஊருக்கு வெளியே பிளாண்டர்ஸ் நாட்டு நெசவாளிகளும் துணி வெளுப்போரும் ஈட்டி முனை வைத்த தடிகளோடு நின்று, பிரான்சின் குதிரைப்படையைச் சேற்றில் சாய்த்தார்கள். செத்த நைட்டுகளின் பொன் குதிமுட்களை நூற்றுக்கணக்கில் பொறுக்கிக் கோயிலில் தொங்கவிட்டார்கள்.

1381இல் இங்கிலாந்து எழுந்தது. அந்தக் கலகத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நான் வங்கியில் லெட்ஜரோடு மல்லுக்கட்டுகிறவன். ஏட்டில் இருக்கிற ஒரு வரி ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்பது தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஜனங்களுக்கும் அது தெரிந்திருந்தது. ஊர் ஊராகப் பண்ணை ஏடுகளைத் தேடி எடுத்துக் கொளுத்தினார்கள். நீ அடிமை, உன் அப்பன் அடிமை என்று எழுதியிருந்த ஏடுகள். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் இன்னொன்று நடந்தது. ஊரார் வீட்டிலேயே மாவரைத்துக்கொள்ளக் கூடாது, மடத்து ஆலைக்குத்தான் வர வேண்டும் என்று முன்பு ஒரு மடாதிபதி அவர்களுடைய திருகைக் கற்களைப் பிடுங்கித் தன் கூடத்துத் தரையில் பதித்திருந்தார். ஜனங்கள் போய் அந்தக் கற்களைப் பெயர்த்து, உடைத்து, கோயில் அப்பம் பங்கிடுவதுபோல் ஆளுக்கொரு துண்டு எடுத்துப்போனார்கள். இதைவிடப் பெரிய கவிதையை நான் படித்ததில்லை.

அந்தக் கலகத்தின் தலைவர் வாட் டைலரை ராஜாவுடன் பேசிக்கொண்டிருந்த இடத்திலேயே லண்டன் மேயர் வால்வொர்த் வெட்டினார். அன்றைக்கே அவருக்கு நைட் பட்டம் கிடைத்தது. பட்டம் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

குதிரைக்காரன் நடுவில் வந்து நம்மைக் காப்பாற்ற மாட்டானா என்ற ஆசைக்கும் பதில் இருக்கிறது. 1605இல் செர்வாண்டிஸ் எழுதினார். டான் குயிக்ஸாட் காட்டில் போகும்போது, கூலி பாக்கி கேட்ட ஒரு பையனை மரத்தில் கட்டி அடிக்கிறான் முதலாளி. நம்ம வீரர் தடுக்கிறார், கூலியைக் கொடுத்துவிடு என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அவர் தலை மறைந்ததும் முன்னைவிட இரண்டு மடங்கு அடி. பின்னால் ஒருநாள் அந்தப் பையன் அவரைப் பார்க்கிறான். இனிமேல் என்னைக் கண்டதுண்டமாக வெட்டினாலும் காப்பாற்ற வந்துவிடாதீர்கள் சாமி என்கிறான்.

இந்தக் கனவு சும்மா பொழுதுபோக்கு என்று விட்டுவிட முடியாது. வால்டர் ஸ்காட்டின் நைட் கதைகள் அமெரிக்கத் தெற்கின் அடிமை முதலாளிகளுக்குப் போதை ஏற்றின என்று மார்க் ட்வைன் 1883இல் கோபப்பட்டார். 1915இல் கறுப்பின மக்களுக்கு எதிராக மறுபடி கிளம்பிய கு கிளக்ஸ் கிளான் தனக்கு வைத்துக்கொண்ட பேரிலேயே நைட்டுகள் என்ற சொல் இருந்தது.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறோம்? நம் இதழுக்கு வரும் கவிதைகளில் பத்துக்கு மூன்று ‘நாங்களும் ஆண்ட பரம்பரை’ என்று தொடங்குகின்றன. வலி புரிகிறது. இருபத்திரண்டு வயதில் நானும் அப்படி ஒன்று எழுதி, மேடையில் வாசித்துக் கைதட்டல் வாங்கியவன்தான். எங்கம்மா அதைக் கேட்டுவிட்டு, “அப்ப நான் நாத்து நட்டதெல்லாம் எந்தக் கணக்குல வருது?” என்றார். அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கவிதை டோருக்கு மெர்லின் சொன்ன ஆறுதல்தான். உன் மதிப்பு உன் ரத்தத்தில் ஒளிந்திருக்கிறது என்று சொல்வது, ரத்தத்தில் மதிப்பு இருக்கிறது என்று எதிரி சொன்னதை ஒப்புக்கொள்வதாகும். 1948இல் வெளிவந்த ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் அம்பேத்கர் நம் முன்னோரைத் தேடிப் போனார். சிதறுண்ட மனிதர்கள், பௌத்தர்கள் என்று கண்டார். கிரீடத்தைத் தேடி அவர் போகவில்லை.

அக்கா மகனுக்கு இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன். ஜார்ஜ் மார்ட்டின் 1998இல் எழுதிய குறுநாவல் ஒன்றில் டங்க் என்று ஒரு நைட் வருகிறான். சேரியில் பொறுக்கித் தின்று வளர்ந்த அநாதை. ஒரு பொம்மலாட்டக்காரப் பெண்ணின் விரலை முறித்த இளவரசனை அடித்துப்போடுகிறான். அவனும் ராஜா மகன்தான் என்று எந்த மெர்லினும் அங்கே வந்து சொல்வதில்லை. ஆகவே, கதை இருக்கிறது மருமகனே. சமையக்காரன் மகன் சமையக்காரன் மகனாகவே இருந்தும் கதை இருக்கிறது.

அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராஜாக்கள் போதும். பால் கறந்தவளின் பேரை எழுதி அனுப்புங்கள்.

– ஆசிரியர் குழுவுக்காக