செடித்தொட்டி போதும், சம்பளத்தைக் கொடுங்கள்

ஏப்ரல் பிறந்தாயிற்று. ஊரில் பிள்ளைகள் இன்னும் முழுப்பரீட்சையிலிருந்து தலை நிமிரவில்லை. இங்கே தில்லியில் அதற்குள் புது வகுப்பு, புது செக்‌ஷன், புது மிஸ். பள்ளிக்கூடம் சொன்ன கடையில் பள்ளிக்கூடம் சொன்ன விலைக்குப் புத்தகம் வாங்கி, அட்டை போட்டு, லேபிள் ஒட்டி முடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். இந்தக் கூத்துக்கு நடுவில் வாட்ஸப்பில் வேறு ஒரு வாரமாக ரோஜாப்பூ மழை. ஆசிரியர் ஒரு மெழுகுவர்த்தியாம், தன்னை உருக்கி மற்றவர்க்கு ஒளி தருகிறாராம். கூடவே மாதா, பிதா, குரு, தெய்வம்.

எனக்கு இந்த மெழுகுவர்த்தி சமாச்சாரமே பிடிக்காது. மருத்துவரை யாராவது மெழுகுவர்த்தி என்கிறோமா? வக்கீலை? அவர்களுக்கு ஃபீஸ் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். யாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருக்கிறோமோ, அவருக்குத்தான் 'புனிதமான தொழில்' என்று பட்டம் கட்டுகிறோம். நம் நாட்டில் ஆசிரியருக்குக் கிடைக்கும் புகழ்ச்சியில் பாதி, சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படுவது. இதுதான் என் கட்சி. கோபம் வந்தால் வரட்டும், முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில், வெளியூரில் பிழைக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். ஊரில் ஒரு குழந்தையைக் கவனிக்க ஆயா, தாத்தா, சித்தி, எதிர்வீட்டு அக்கா என்று ஒரு தெருவே இருக்கும். இங்கே? மூன்றாவது மாடியில் பூட்டிய கதவு. நம் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் முதல் உள்ளூர்க்காரர் அதன் வகுப்பு ஆசிரியைதான்.

2012 ஏப்ரலில் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தபோது என் மகளுக்கு இரண்டாம் வகுப்பு. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. மூன்றாம் நாள் அவளுடைய மிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மலைநாட்டுப் பக்கத்துப் பெண்மணி. புகார் வாசிக்கப்போகிறார் என்று போனால், வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்கள் பாஷையில் தண்ணீருக்கு என்ன? பசிக்கு? வலிக்கிறது என்பதற்கு?" என்று கேட்டுக் கேட்டு இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டார். 'ஒண்ணுக்கு' என்பதை எழுதும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறினார். கடைசியாக அவர் கேட்டது, "அம்மா வருவாங்க என்று எப்படிச் சொல்வது?" அடுத்த மாதம் அந்த வகுப்பில் பஞ்சாபிப் பையன் எல்லாம் 'தண்ணீ' என்று கத்திக்கொண்டிருந்தான். என் மகள் இந்தி பேச ஆரம்பித்துவிட்டாள்.

இதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் மதிப்பெண் கிடையாது. எந்த இன்ஸ்பெக்‌ஷனிலும் கணக்கில் வராது. நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருந்த வகுப்பில் அவர் இதைச் செய்தார். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது அதன் அட்டவணைக் கணக்கு. நாற்பத்திரண்டு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஏப்ரலில் அந்த மிஸ் இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். காரணம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லையாம். முந்தைய செப்டம்பர் 5 அன்று அவரை மேடையில் ஏற்றி, ஒரு செடித்தொட்டியும் 'ராஷ்டிர நிர்மாதா' என்று அச்சடித்த சான்றிதழும் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்ட அதே நிர்வாகம்தான். தேசத்தையே நிர்மாணிக்கிறவருக்கு மே, ஜூன் மாதச் சம்பளம் கிடையாது!

இது ஒரு பள்ளிக்கூடத்துக் கதை என்று நினைக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த தனியார் பள்ளி ஆசிரியர் நாலு பேரைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். கோடை விடுமுறைக்கு முன் விடுவித்து, ஜூலையில் 'புதிதாக' நியமிப்பது ஒரு வித்தை. வங்கிக் கணக்கில் முழுச் சம்பளத்தைப் போட்டுவிட்டு, பாதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடு என்பது இன்னொரு வித்தை. எங்கள் குடியிருப்பில் உள்ள ஓர் ஆசிரியை கையெழுத்துப் போடுகிற தொகைக்கும் வீட்டுக்குக் கொண்டுவருகிற தொகைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

சட்டம் என்ன சொல்கிறது? தில்லி பள்ளிக் கல்விச் சட்டம், 1973. அதன் பத்தாவது பிரிவு, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஊழியரின் சம்பளமும் படிகளும் மற்ற பயன்களும் அதே நிலையிலுள்ள அரசுப் பள்ளி ஊழியருக்குக் கிடைப்பதைவிடக் குறையக்கூடாது என்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி 2016 ஜனவரி 1 முதல் அரசுத் தொடக்கநிலை ஆசிரியருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய், படிகள் தனி. அந்த ஆசிரியை கைக்கு வருவது இந்த அடிப்படையில் பாதிகூட இல்லை. அதே 1973-ஆம் வருட விதிகளில் 177-ஆவது விதி, பள்ளிக்கு வரும் கட்டண வருமானத்தில் முதல் செலவு ஊழியரின் சம்பளமும் படிகளும்தான் என்கிறது. மார்பிள் தரைக்கும் ஏசி பஸ்ஸுக்கும் அப்புறம்தான் இடம்.

இப்போது அந்தப் 'புனித'த்துக்கு வருகிறேன். இது வெறும் வாட்ஸப் வார்த்தை இல்லை மக்களே, காசு பெறும் வார்த்தை.

கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று 1988-இல் தீர்ப்பு வந்தது. அவர் குழந்தைகளின் குணத்தை உருவாக்குகிறவர், அந்த உன்னதப் பணியை உடலுழைப்போடோ குமாஸ்தா வேலையோடோ சேர்க்க முடியாது என்பது அதன் சாரம். ஆசிரியர்களின் குறை தீர்க்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதை யார் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்?

அடுத்தது 2004. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. ஆசிரியர் செய்வது திறன் சார்ந்த வேலை, உடல் வேலை, எழுத்தர் வேலை என்று சட்டம் போட்ட எந்தக் கட்டத்துக்குள்ளும் வராது, ஆகவே அந்தச் சட்டப்படி அவர் 'ஊழியர்' இல்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பள்ளிப் பியூனுக்கு உண்டு, கிளார்க்குக்கு உண்டு, முப்பது வருடம் சாக்பீஸ் தூளை விழுங்கிய டீச்சருக்கு இல்லை. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பின்தேதியிட்டு ஆசிரியரையும் சேர்த்தது. தனியார் பள்ளிகள் சும்மா இருந்தனவா? திருத்தம் செல்லாது என்று கோர்ட்டுக்குப் போயின. 2022 ஆகஸ்ட் 29 அன்றுதான் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று முடித்து வைத்தது.

திருத்தம் வந்ததிலிருந்து ஏறக்குறைய பதின்மூன்று வருடம்! வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் தரச் சொன்னதற்கு. இடையில் வந்த ஒவ்வொரு செப்டம்பர் ஐந்திலும் மேடை இருந்தது, மாலை இருந்தது, குத்துவிளக்கு இருந்தது. ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான 1962-இலிருந்து அவர் பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். கொண்டாட்டத்துக்கு ஒரு வருடமும் குறை வைத்ததில்லை.

இனி நம்ம ஆட்கள் சொல்லும் சமாதானங்கள்.

"அவங்க வீட்டுக்காரர் நல்ல வேலையில இருக்காரே சார். டீச்சர் வேலை சும்மா டைம்பாஸுக்குத்தானே?"

இதைச் சொல்கிறவர்கள் ஒரு நிமிடம் தங்கள் வீட்டுக்குள்ளேயே பார்க்கட்டும். வெளியூரில் டீச்சராக இருக்கும் நம் பெண்கள் எத்தனை பேர்! எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், கணவரின் மாற்றலுக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து, கிடைத்த சம்பளத்துக்கு ஒரு பள்ளியில் சேர்ந்திருப்பார். மூன்று வருடத்தில் அடுத்த மாற்றல், அடுத்த ஊர், மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பம். 'இவர் பேரம் பேசமாட்டார்' என்று நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். தங்கையோ மனைவியோ கொத்தடிமை மாதிரி வேலை பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வந்து நோட்டுக் கட்டைப் பிரிப்பதைத் தினம் பார்த்துக்கொண்டே, பிள்ளையின் டீச்சரைப் பற்றி 'டைம்பாஸ்' என்று பேச எப்படி வாய் வருகிறது?

"சம்பளம் ஏற்றினால் ஃபீஸை ஏற்றுவார்களே?"

ஏற்றாமல் எந்த வருடம் இருந்தார்கள்? ஃபீஸ் ஏறுகிறது, சம்பளம் ஏறவில்லை. நடுவில் காசு எங்கே போகிறது என்று கேட்பது கட்டணம் கட்டுகிறவரின் வேலை.

"எல்லா டீச்சரும் ஒழுங்கா? அடிக்கிறார்கள், டியூஷனுக்கு வா என்கிறார்கள்."

உண்மை, அப்படிப்பட்டவர்களும் உண்டு. அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆசிரியர் தனி டியூஷன் எடுப்பதை 28-ஆவது பிரிவு தடை செய்கிறது. தாராளமாகப் புகார் கொடுங்கள். ஆனால் அரைச் சம்பளத்துக்கு ஆள் மாற்றிக்கொண்டே இருக்கும் இடத்தில் முதலில் ஓடுவது நல்ல ஆசிரியர்தான். வேறு இடத்தில் அவருக்கு வேலை கிடைத்துவிடும். கடைசிவரை தங்குகிறவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? செப்டம்பர் வரை காத்திருக்காமல் இந்த ஏப்ரலிலேயே செய்யக்கூடியவை:

1. போன வருட மிஸ் உங்கள் பிள்ளைக்கு நல்லது செய்திருந்தால் முதல்வருக்குக் கடிதம் எழுதுங்கள். வாட்ஸப் பூங்கொத்து வேண்டாம். என்ன செய்தார், பிள்ளை எப்படி மாறியது என்று தேதியோடு, பெயரோடு எழுதி, ஒரு பிரதியை அந்த ஆசிரியரிடமே கொடுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதுவாகக்கூட இருக்கலாம்.

2. பெற்றோர் கூட்டத்தில் அரை மார்க்குக்குச் சண்டை போடுவதை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? போன வருட ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருடம் இல்லை? கோடை மாதங்களுக்கும் சேர்த்துச் சம்பளம் முழுதாகப் போகிறதா? பத்துப் பெற்றோர் சேர்ந்து கேளுங்கள். எந்த ஆசிரியர் பெயரையும் இழுக்காதீர்கள், அடி அவர் தலையில்தான் விழும்.

3. தில்லியில் இருப்பவர்கள் கவனிக்க: 2025-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய பள்ளிக் கட்டணச் சட்டம், பள்ளி அளவிலான கட்டணக் குழுவில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இடம் ஒதுக்குகிறது. 'நமக்கெதுக்கு வம்பு, நாம வெளியூர்க்காரங்க' என்று ஒதுங்காமல் பெயர் கொடுங்கள். நொய்டா, குருகிராம், புனே, அகமதாபாத்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு, கேட்கவேண்டிய கேள்வி இதே கேள்விதான்.

4. இரவு பத்தரை மணிக்கு 'மேம், நாளைக்கு என்ன ஹோம்வொர்க்?' என்று செய்தி அனுப்புவதை நிறுத்துங்கள். அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை அதே ஹோம்வொர்க்கோடு உட்கார்ந்திருக்கும்.

நன்றி என்பது வாங்குகிறவருக்குப் பயன்படவேண்டும். நமக்குத் தெரியாத ஊரில், தெரியாத பாஷையில் அழுதுகொண்டு நின்ற குழந்தைக்கு 'அம்மா வருவாங்க' என்று சொல்லக் கற்றுக்கொண்டவருக்கு வருடம் பன்னிரண்டு மாதமும் சம்பளம் வரவேண்டும். அது வருகிறதா என்று கேட்பதற்கு நமக்கு எந்த மொழியும் தடையில்லை. ஃபீஸ் கட்டிய ரசீது ஒன்று போதும்.

பி.கு.: செடித்தொட்டிக்கு நான் விரோதி இல்லை. சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அவரும் சந்தோஷமாகத் தண்ணீர் ஊற்றுவார்.