சட்டம் அரசாங்கத்தையும் கட்டுப்படுத்த வேண்டாமா?

ஸ்ரீ கெம்பாங்கான்: அரசாங்கத்திடம் பதில் கேட்டு வாதாடிய வழக்கறிஞர் அமைச்சரானால், அதே கேள்வி அவர் கொண்டுவரும் சட்டத்திற்கும் பொருந்தும்.

மறைந்த கர்ப்பால் சிங்கின் மகன் கோபிந்த் சிங் டியோ 2008-இல் பூச்சோங் நாடாளுமன்ற உறுப்பினரானார். தியோ பெங் ஹோக் மரண விசாரணையில் அவரின் குடும்பத்திற்காக வாதாடினார். ஸ்ரீ கெம்பாங்கானும் அடங்கிய பூச்சோங்கில் 2018-இல் வென்று, நாட்டின் முதல் சீக்கிய அமைச்சரானார். 2022-இல் டாமான்சாராவுக்கு மாறிய அவர், 2023 டிசம்பரில் இலக்கவியல் அமைச்சரானார்.

அவரது பொறுப்பில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது. விதிமீறும் நிறுவனங்களுக்கான அதிகபட்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. தரவு கசிந்தால் ஆணையரிடம் தெரிவிப்பதும் கட்டாயமானது. இது நல்ல மாற்றம்.

ஆனால் இச்சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. தோட்டத்திலிருந்து பட்டணத்திற்கு வந்த குடும்பங்களின் அடையாள அட்டை எண், வருமானம், வங்கிக் கணக்கு போன்ற விவரங்கள் உதவித்தொகை விண்ணப்பங்கள் வழி அரசாங்கத்திடமே குவிகின்றன. அங்கிருந்து கசிந்தால் இச்சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

தனியாரைப் பிடிக்கும் சட்டம் அரசாங்க இலாகாவையும் பிடிக்கும்போதுதான் அந்த வழக்கறிஞரின் வாதம் முழுமை பெறும்.